நின்று பிழைப்பவள் நடக்கப் போன தீவு

எங்கள் லைனில் நாற்காலி கிடையாது. ஒரகடத்தில் காருக்கு ஒயரிங் கட்டும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். எனக்கென்று ஒதுக்கிய இடம் மூன்றடிக்கு நாலடி. காலடியில் ஒரு ரப்பர் பாய், தலைக்கு மேல் டியூப் லைட், முன்னால் ஒயரை வளைத்துப் படுக்கவைக்கிற பலகை. பலகை நகர்ந்து வரும், நான் நகரக் கூடாது. டீயும் சாப்பாடும் போக மீதி நேரம் முழுக்க அந்தப் பாயின் மேல்தான்.

வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கருங்கல்லாக இருக்கும். “அப்படி எங்கதான் நடக்கிறியோ?” என்று மாமியார் தைல பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். நடந்தால் வலிக்காது அத்தை, நிற்பதுதான் வலிக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்குப் பிடிபடுவதில்லை. அவர் நாற்று நட்ட காலத்தில் வலி என்றால் நடந்த வலிதான்.

அதனால்தான் குடும்பத்தோடு எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தபோது, நடக்கிற இடமாக இருக்கட்டும் என்றேன். வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற பிழைப்பு. ஆறாவது படிக்கிற மகளுக்குக் கடல் வேண்டும். ஊட்டி, மூணாறு என்றெல்லாம் பேர் வந்து போன பிறகு அந்தமான் என்று சொன்னவர் அவர். “அதுக்குப் பாஸ்போர்ட் வேணாமா?” என்று கேட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. திரும்பி வந்ததும் லைனில் பாதிப் பேர் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். வேண்டாம். நம் நாட்டுக்காரர்களுக்கு ஆதார் அட்டை போதும். பழங்குடியினருக்கு ஒதுக்கிய பகுதிகளுக்குள் மட்டும் அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது.

வரைபடத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து விரலை நேராகக் கிழக்கே இழுத்து, கொஞ்சம் தெற்கே இறக்கினால் போர்ட் பிளேர். இடையில் வங்கக் கடல், சுமார் 1,370 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். படப்பையில் லாரி மாட்டிக்கொள்கிற நாளில் எங்கள் பஸ் இதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுக் கப்பலும் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், பங்க் வகுப்பில் செலவு குறையும். ஆனால் கப்பல் கிளம்பும் தேதி முன்னேபின்னே ஆகும். லீவு லெட்டரில் தேதி போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

இப்போது அந்தமானில் பல ஊர்களின் பேர் மாறிவிட்டது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் ஆயின. 2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் வந்தது. போர்டில் புதுப் பேர், வாயில் பழைய பேர். நானும் வாய்ப் பேரையே எழுதுகிறேன். இந்தக் கடல் நம்மவர்களுக்குப் புதிதில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபார்தான்.

பணத்துக்கு இருபது மாதச் சீட்டு. பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மழை. அந்தமானில் மே கடைசியிலிருந்து மழை பிடித்துக்கொண்டால் வருஷத்தில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், நம் பக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் தெளிந்திருக்கும், காட்டுப் பாதையும் ஓரளவு காய்ந்திருக்கும்.

போய் இறங்கியதும் என்னை முதலில் ஏமாற்றியது சூரியன். சாயங்காலம் ஐந்தரைக்குள் மறைந்துவிட்டது. கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு நமக்குக் கிழக்கே பதின்மூன்று பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷம் என்று கணக்குப் போட்டால் ஐம்பது நிமிஷத்துக்கு முன்பே அங்கே விடிந்து, முன்பே அடைகிறது. ஒன்பது மணிக்கு எழுந்து பத்தரைக்கு டிபன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தமானில் பாதி நாள் போய்விடும். ஏ ஷிப்ட்டுக்கு நாலு மணிக்கு எழுகிறவளுக்கு அது சரியான ஊர். ஐந்தே முக்காலுக்கு வெயில் வரும்போது நாங்கள் டீ குடித்து முடித்திருப்போம்.

இன்னொன்று, பாஷை. அங்கே பொதுப் பேச்சு இந்திதான். ஆனால் ஏர்போர்ட் வாசலில் ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததுமே, “வாங்க தங்கச்சி, நமக்குப் பரமக்குடிப் பக்கம்” என்றார். துறைமுகத்துக்கும் கட்டட வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து தங்கிவிட்ட தமிழர்கள் நிறைய. அபர்தீன் பஜாரில் இட்லிக்கு அலைய வேண்டியதில்லை. வெற்றிமலை முருகன் கோயில் என்று ஒன்று இருக்கிறது, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். வல்லக்கோட்டை முருகனை வாரா வாரம் கும்பிடுகிறவர் என் வீட்டுக்காரர். அங்கேயும் அவருக்கு டியூட்டி இருந்தது.

ஹேவ்லாக்குக்கு போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டும். தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போகும். அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், டிக்கெட்டும் குறைவு. அந்தத் தீவில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதி வங்காளிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஊருக்கு விஜய் நகர், ஷியாம் நகர் என்று பேர், கடற்கரைக்கு மட்டும் நம்பர். ஸ்டேஷனுக்கு நம்பர் போடுகிற எங்கள் லைன் மாதிரி.

எலிபண்ட் பீச் என்கிற கடற்கரைக்கு இரண்டு வழி. ஜெட்டியில் படகு ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். இன்னொன்று காட்டு வழி. ராதாநகர் கடற்கரைக்குப் போகும் ரோட்டில் பாதியில் இறங்கி, வனத்துறைக்காரர்களிடம் பேர் எழுதிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இருட்டுவதற்கு வெகு முன்பே வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

நான் காடு என்று நினைத்து வைத்திருந்தது வண்டலூரில் பார்த்த மரங்களை. இது வேறு. உள்ளே பத்தடி வைத்ததும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. குர்ஜன் மரம் கிளையே விடாமல் கம்பம் போல எழுகிறது, உச்சியைப் பார்க்கக் கழுத்தை முழுசாகச் சாய்க்க வேண்டும். சில மரங்களுக்கு அடியில் பலகை வேர். ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியது போல வேர் பக்கவாட்டில் விரிந்து நிற்கிறது. மண் ஆழமில்லாத இடத்தில் அவ்வளவு உயரத்தைத் தாங்க மரம் தானே போட்டுக்கொண்ட முட்டுக்கொடுப்பு அது. மகள் இரண்டு வேருக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள், ஒரு ரூம் அளவு இருந்தது. அடிமரத்தில் ஒரு பல்லி, கிளிப்பச்சை நிறம், முதுகில் சிவப்புக் கோடு. பல்லி என்றால் ராத்திரி டியூப் லைட்டுக்கு அடியில் வருவது என்று நினைத்தேன். இந்த ஜாதி பகலில் திரிகிறது, அந்தமானைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லையாம்.

சில்வண்டுச் சத்தம் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் அடங்கியது. ஷிப்ட் சைரன்தான் என்று மூன்று பேரும் சிரித்தோம். வாலில் இரண்டு துடுப்பைக் கட்டிக்கொண்டது போல ஒரு கரிச்சான் முன்னால் முன்னால் பறந்து உட்கார்ந்தது. துடுப்புவால் கரிச்சான், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு.

பாதை முதலில் நன்றாக இருக்கிறது, பிறகு இறக்கம், பிறகு சேறு. பிப்ரவரியிலேயே சேறு. பாத்ரூம் செருப்போடு வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போனதைப் பார்த்தோம். நான் வேண்டுமென்றே ஒன்று செய்தேன், கம்பெனியில் கொடுத்த பழைய சேஃப்டி ஷூவைப் போட்டுப் போனேன். பெரிய முட்டாள்தனம். முன்னால் இரும்புக் குப்பி வைத்த ஷூ சேற்றில் இரண்டு கிலோ கனம் ஏற்றிக்கொண்டது. ஒரு வேரில் தட்டி, மண்ணில் முழங்கால் போட்டு விழுந்தேன். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்புக்கு அடுத்த திருப்பத்தில் அவரே விழுந்தார். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பின்பட்டி உள்ள ரப்பர் செருப்பு, முழங்கால் வரை மடிக்கிற பேன்ட், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மழைக்காலத்தில் போனால் அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ.

எங்களோடு வந்த வழிகாட்டிப் பையன் ராஞ்சிக்காரன். ராஞ்சியை அவன் பார்த்ததே இல்லை. மரம் வெட்ட ஆள் வேண்டுமென்று 1918 முதல் சோட்டா நாக்பூர் பழங்குடி மக்களை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வம்சத்தையே அங்கே ராஞ்சி என்று ஒரே பேரில் கூப்பிடுகிறார்கள். எங்கள் லைனில் வடநாட்டிலிருந்து வந்த பையன்கள் எல்லாரையும் ஒரே பேர் வைத்துக் கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. அவன் தாத்தா மரம் வெட்ட வந்தவர், அப்பா யானையோடு வேலை பார்த்தவர். இவன் நிற்கிற மரத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறான்.

எலிபண்ட் பீச்சில் யானை எங்கே என்று மகள் கேட்டபோது அவன் ராஜன் கதையைச் சொன்னான். மரம் இழுக்க இந்தியப் பெருநிலத்திலிருந்து யானைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டும், படகு கிடையாது. யானையையே கடலில் நீந்தவைத்தார்கள். துதிக்கையை மேலே தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு, நாலு காலையும் தண்ணீருக்குள் நடப்பது போல ஆட்டிப் போகும். 2002-ல் வியாபாரத்துக்கு மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. யானைகளுக்கு வேலை போயிற்று. ராஜன் ஹேவ்லாக்கிலேயே தங்கி, சுற்றுலா வந்தவர்களோடு கடலில் நீந்தி உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. வயதானதும் நீச்சலையும் நிறுத்தினார்கள். 2016-ல் இறந்தபோது அறுபதைத் தாண்டிய வயது.

அந்தக் கதையில் எனக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது நீச்சல் இல்லை, வேலை நின்ற பிறகு ராஜனுக்குக் கிடைத்த வேலை. நடு அந்தமானுக்கு மேற்கே இன்டர்வியூ தீவில் இன்னொரு கூட்டத்துக்கு அதுகூட இல்லை. அங்கே மரக் கம்பெனி ஒன்று 1960-களின் தொடக்கத்தில் நொடித்துப்போய், யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது. அவை காட்டு யானைகளாக மாறி, குட்டி போட்டு, அங்கேயே வாழ்கின்றன. கம்பெனி மூடினால் ஆட்கள் என்ன ஆவார்கள் என்பதைப் பற்றி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். யானைகள் என்ன ஆகும் என்று கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை.

பாதையின் கடைசியில் சுரபுன்னைக் காடு. பிச்சாவரத்தில் பார்த்த அதே மரம், காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. கடல் ஏறியிருந்தால் இங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும், வற்றியிருந்தால் சேற்றில் கால் வைத்தே கடந்துவிடலாம். வழிகாட்டிப் பையன் புறப்படும் முன்பே வற்றம் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துத்தான் எங்களைக் கிளப்பினான். தாண்டியதும் கடற்கரை. கரை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் செத்த மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. 2004 சுனாமி விட்டுப்போனவை. குழந்தைகள் அவற்றில் ஏறி விளையாடுகிறார்கள்.

ராதாநகர் பற்றி நான் எழுதுவதற்கு அதிகம் இல்லை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்றது, 2020-ல் நீலக்கொடிச் சான்றிதழும் வந்துவிட்டது, போட்டோவில் பார்த்தது போலவே இருக்கிறது. மெரினாவில் நிற்கிறவளுக்கு அந்தச் சுத்தம் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. எனக்குப் பிடித்தது மணலை ஒட்டி நிற்கும் மரங்கள். கடல் மஹுவா என்கிறார்கள், நம் ஊர் உலக்கைப்பாலைக்குச் சொந்தக்கார மரம். அதன் நிழலில் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினேன். பகல் பதினோரு மணிக்குப் படுத்துத் தூங்கியது ராத்திரி சி ஷிப்ட் இல்லாமல் என் வாழ்க்கையில் முதல் தடவை. தண்ணீரில் இறங்குகிறவர்கள் உயிர்காப்பாளர் சொல்கிற எல்லைக்குள் இருக்க வேண்டும். உப்புத்தண்ணீர் முதலை இந்தத் தீவுகளில் உண்டு. 2010-ல் அந்தப் பக்கத்தில் ஒரு அமெரிக்கப் பெண் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை அழகுக்கு வைத்ததில்லை.

நீல் தீவில் கடலின் நேரம் முழுசாகப் புரிந்தது. அங்கே கடல் அரித்துச் செய்த பாறை வளைவு ஒன்று இருக்கிறது, வங்காளிகள் தங்கள் ஊர் ஞாபகமாக ஹவுரா பாலம் என்கிறார்கள். வற்றத்தில் போனால்தான் காலால் நடந்து அதன் அடிக்குப் போக முடியும். நடந்துபோகிற வழியெல்லாம் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர். குழிக்குக் குழி ஒரு குடித்தனம்: கடல் அட்டை, நீல உதட்டோடு வாய் திறந்து மூடுகிற சிப்பி, பாறை நிறத்திலேயே பதுங்கிய நண்டு. கடல் அட்டை புலிக்குச் சமமாகச் சட்டம் காப்பாற்றுகிற ஜீவன், தொடக்கூடாது. பவளமும் அப்படித்தான். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிர். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சூடானாலே வெளுத்துவிடும். 2010-ல் அந்தமான் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. அதன்மேல் காலை ஊன்றி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களை வழிகாட்டிகள் கத்திக் கத்தி இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியது. யாரும் மணி அடிக்கவில்லை. நாங்கள் வந்த வழி மெல்ல மெல்லக் காணாமல் போனது.

போர்ட் பிளேருக்குத் திரும்பி வண்டூர் போனோம். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா, 1983-ல் அறிவித்தது, பதினைந்து தீவுகள். அதில் ஜாலிபாய்க்கும் ரெட்ஸ்கின்னுக்கும் மட்டும் மாற்றி மாற்றி ஆளை விடுகிறார்கள். ஒன்று வேலை செய்யும்போது மற்றது லீவில் இருக்கும். கரையில் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிஸ்கட் கவரைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார்கள், தண்ணீர் பாட்டிலை எண்ணி முன்பணம் கட்டவைத்தார்கள், திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால்தான் பணம். பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பழக்கம். தினமும் கேட்டில் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டுகிறவள். இந்தச் சோதனை எதற்கு என்று தீவில் இறங்கியதும் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மணலில் ஒரு குப்பை இல்லை.

பேக்கேஜ் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் பாராடாங் தீவையும் சேர்த்திருந்தார். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, போகிற வழியில் ஜாரவா மக்கள் வாழும் காடு. “அதிர்ஷ்டம் இருந்தா அவங்களையும் பார்க்கலாம்” என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தொண்டையில் மாட்டியது. அந்த ரோட்டில் வண்டிகளை வரிசை கட்டிப் போலீஸ் பாதுகாப்போடுதான் விடுகிறார்கள். இறங்கக் கூடாது, போட்டோ கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. 1956-லேயே பழங்குடிகளைக் காக்கத் தனிச் சட்டம் போட்டாயிற்று. அவர்கள் உடம்புக்கு நம் சளி இருமலே ஆபத்து.

எங்கள் கம்பெனிக்கு அடிக்கடி விசிட்டர் வருவார்கள். வெள்ளை ஹெல்மெட், மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடந்து, நாங்கள் கை வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் பார்க்கிற அந்த அரை நிமிஷம் கை தானாக வேகம் கூடும், முதுகு கூசும். சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிற எனக்கே அப்படி என்றால் சும்மா தன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு? பாராடாங் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அந்த நாள் மிச்சமானதில் சாத்தம் மரமில்லுக்குப் போனோம். யாரும் எனக்குச் சிபாரிசு செய்யாத இடம், நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்கிற இடம். போர்ட் பிளேரிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் சின்னத் தீவு, 1883-ல் தொடங்கிய அரசு மில். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். படாக் மரத்தை அறுத்தால் உள்ளே செங்கல் சிவப்பு, நம் வேங்கைக்குத் தங்கச்சி. சுற்றுலா வந்தவர்கள் மரச் சாமான் கண்காட்சியைப் பார்க்கிறார்கள். நானும் வீட்டுக்காரரும் டிராலி ஓடுகிற தண்டவாளத்தையும், மரத்தை உருட்டி ஏற்றுகிற சரிவையும், கை எங்கே வைத்தால் போகும் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர், “எந்த மில்லுங்க நீங்க?” என்று கேட்டேவிட்டார். செல்லுலார் ஜெயிலில் கைதிகள் நாளைக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும் என்று படித்தபோதும் எங்கள் இருவருக்கும் ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது: டார்கெட்.

கடைசி நாள் சிடியா டாப்பு. பறவைக்குப் பேர் போன இடம், போர்ட் பிளேருக்குத் தெற்கே. அங்கிருந்து முண்டா பஹாட் என்கிற மொட்டைப் பாறை முனைக்குக் காட்டு வழியாக ஒரு நடை. எலிபண்ட் பீச்சைவிடச் சுலபம், வயசானவர்களும் போகலாம். கிளிக்கூட்டம், வெள்ளைத் தலை மைனா, ஒரு பட்ட கிளையில் அசையாமல் பாம்புக் கழுகு. மைனாவும் கழுகும் இந்தத் தீவுகளுக்கே உரிய ஜாதிகள். அந்தமானில் புலி, சிறுத்தை எதுவும் கிடையாது. வெள்ளைக்காரன் வேட்டைக்குக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், தின்ன ஆளில்லாமல் பெருகி, நீந்தித் தீவுக்குத் தீவு பரவி, இளம் செடியையெல்லாம் மேய்ந்து காட்டை வளரவிடாமல் செய்கிறது. ராஸ் தீவில் அந்த மானுக்குத்தான் எல்லாரும் பிஸ்கட் கொடுக்கிறார்கள்.

நாங்கள் வண்டூர் போன ரோட்டில் சிப்பிகாட் என்று ஒரு இடம் வரும். தண்ணீர் விரிந்து கிடக்கும், அதில் கொக்கும் தாராவும். ஏரி என்று நினைத்தேன். நெல் வயல்களாக இருந்த இடமாம். 2004 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது, கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. வரப்பு இருந்த கோடு தண்ணீருக்கு அடியில் இன்னும் தெரிகிறது என்று வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். அவர் அப்பா உழுத ஒன்றரை ஏக்கர் இப்போது ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. அவர் தினமும் அதன் ஓரமாகத்தான் பஸ் ஓட்டிப் போகிறார். ஒன்றும் பேசவில்லை. அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றோம்.

இன்னும் தெற்கே, நாங்கள் போகாத பெரிய நிக்கோபாரில், கன்டெய்னர் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் கட்ட 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்திருக்கிறது. 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகும். துறைமுகம் வருகிற கலத்தியா விரிகுடா, தோணி ஆமை முட்டையிடுகிற கரை. ஈடாக ஹரியானாவில் மரம் நடத் திட்டம். கம்பெனி வந்ததால் சோறு தின்கிறவள் நான், துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் அந்தப் பலகை வேரில் உட்கார்ந்து வந்த என் மகள், ஹரியானாவில் ஆமை எப்படிப் போய் முட்டை போடும் என்று கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

ஹேவ்லாக்கில் இருந்தபோதே போனில் லைன் குரூப் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அங்கே நெட் கிடைப்பதே அபூர்வமாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் போட்டுவிட்டார்கள், தீவுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர். நானும் ஒயர் கட்டுகிறவள், அவ்வளவு நீளத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் சூப்பர்வைசர் அந்த ஒயர் வழியாகவே, “திங்கட்கிழமை ஏ ஷிப்ட், மறக்க வேண்டாம்” என்று அனுப்பியிருந்தார்.

ஏர்போர்ட்டில் பையை ஸ்கேன் செய்து சங்கு, பவளம் தேடுகிறார்கள். மகள் பென்சில் பாக்ஸில் வைத்திருந்த விரல் நகம் அளவு பவளத் துண்டை எடுத்துக்கொண்டார்கள். சென்னை வரும் வரை அவள் பேசவில்லை. அவுட் கேட்டில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆறுதல் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஐந்தே முக்கால். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே இன்னும் இருட்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா மெதுவாக இடித்துக் கேட்டார்.

“எத்தனை மாசச் சீட்டு போட்டே?”

“இருபதுக்கா.”

விரல் விட்டு எண்ணினார். வளைகாப்பு ஒன்று, பையன் காலேஜ் பீஸ் ஒன்று என்று கழித்துக்கொண்டே வந்தார்.

“ஏம்மா, எனக்கு முட்டி தாங்குமா?”

“வற்றம் பார்த்துப் போனாத் தாங்கும்க்கா.”

“அப்படின்னா?”

சொல்ல வாயெடுத்தேன். கேட் வந்துவிட்டது, பையைத் திறந்துகொண்டு இறங்கினோம்.